மூன்றாவது குடோன்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு முதல் பட்டியல் ஏறியது.

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒன்பதே முக்காலுக்கு வெடிமருந்து அறை வெடித்திருந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து அன்று காலை அங்கே போன வேனில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். வேன் ஓட்டுகிற தங்கச்சாமி சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பெயர்களைச் செல்போனில் வாசித்தார். விருதுநகரில் தன் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து இசைவாணி அதைக் கணினியில் அடித்தாள்.

பதினான்கு பெயர்கள். மேலே ‘சிகிச்சையில்’ என்று பதினொன்று. கீழே ‘இறந்தவர்கள்’ என்று மூன்று. மேலே இருந்ததில் ஏழாவது வரி: வேல்விழி, க/பெ மாரிக்கண்ணன், ஏழாயிரம்பண்ணை, பெண்கள் வார்டு.

வேல்விழி இசைவாணியின் சித்தப்பா மகள். அந்தப் பெயரைத் தங்கச்சாமி இரண்டு முறை வாசித்தார். பிறகு, பேசுகிறாள் என்றும் தண்ணீர் கேட்டாள் என்றும் சொன்னார். இசைவாணி கிளம்பி வருவதாகச் சொன்னாள்.

“நீ வந்தா லிஸ்டு யாரு போடுவா தாயி? ஊரு பூராம் ஒன் லிஸ்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. அங்கனயே இரு.”

இருந்தாள்.

பட்டியல் ஏறிய அந்த இணையதளம் இதற்காக வைத்ததில்லை. ஊரிலிருந்து நாற்பது, ஐம்பது பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். கத்தார், துபாய், சிங்கப்பூர். பங்குனிப் பொங்கலுக்கு வர முடியாதவர்கள் படமாவது பார்க்கட்டும் என்று அவள் தொடங்கியது. ஊரின் பெயரில் ஒரு தளம். முதல் பக்கத்தில் அம்மன். உள்ளே நூற்று நாற்பது படங்கள்.

தமிழ் எல்லாமே அதில் படமாகத்தான் இருக்கும். எழுத்தாகப் போட்டால், தமிழ் எழுத்துரு இல்லாத வெளிநாட்டு நெட் சென்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆறு வருடம் காலண்டருக்கு எழுத்துக் கோத்தவள் அவள். பேஜ்மேக்கரில் அடித்து, படமாக மாற்றி, ஏற்றிவிடுவாள். படங்களைச் சுருக்கவும் அவளுக்கு மனசு வராது. அச்சுக்குப் போகிற படம் மாதிரி ஒவ்வொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். தளம் இருந்ததோ அமெரிக்காவில் ஏதோ ஒரு சர்வரில்.

முதலில் குறை சொன்னவன் மாரிக்கண்ணன்தான். வேல்விழியைக் கட்டி எட்டாம் மாதம் தோஹாவுக்குப் போனவன். எலக்ட்ரீஷியன். பெண்டாட்டியின் அக்கா என்பதால் இசைவாணி அவனுக்கு மதினி. கேலி பேச உரிமை உள்ள உறவு. விட்டுவைக்க மாட்டான்.

“ஒரு படம் எறங்குறதுக்குள்ள ஒரு புரோட்டா முடிஞ்சு போகுது மதினி. நூத்தி நாப்பதும் பாத்தேன்னா என்னைய அடையாளம் தெரியாது ஒங்களுக்கு.”

அவள் இணையத்தில் தேடிப் படித்தாள். இதற்கென்றே கம்பெனிகள் இருந்தன. படங்களின் நகலை ஊர் ஊராக உள்ள தங்கள் கணினிகளில் வைத்துக்கொள்வார்கள். கேட்கிறவனுக்கு அருகில் உள்ளதிலிருந்து போகும். சி.டி.என். என்று பெயர். மாரிக்கண்ணனுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“பாட்னாக்காரன் கேக்க கேக்க சிவகாசியில இருந்தா ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியா அனுப்புறாக? சீசனுக்கு முன்னாடியே அங்கன குடோன்ல எறக்கி வச்சிருவாகள்ல. அது மாதிரி.”

“அப்ப எனக்குக் குடோன் எங்கன?”

“ஜெர்மனியில.”

“ஏயப்பா. எம்புட்டுத் தூரம்.”

“அமெரிக்காவுக்கு அது தேவல தம்பி.”

அன்றிலிருந்து அது குடோன்தான். மூன்று கம்பெனிகளை அவள் பார்த்து வைத்திருந்தாள். முதல் கம்பெனி பெரியது. அவர்கள் கேட்ட குறைந்தபட்ச அளவு, ஊரே உட்கார்ந்து பத்து வருடம் படம் பார்த்தாலும் எட்டாது. மரியாதையாக ஒரு பதில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவதற்கு ஆசியாவில் சிங்கப்பூரில் மட்டும் குடோன். மூன்றாவது ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பெனி. பிராங்பர்ட்டில் ஒன்றும் சிங்கப்பூரில் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

இரண்டையும் ஒரு வாரம் சும்மா பார்க்கக் கொடுத்தார்கள். ஒரே படத்தை இரண்டிலும் போட்டாள். எந்தப் படம் என்று மாரிக்கண்ணன்தான் சொன்னான். வேல்விழி முளைப்பாரி தூக்கி வரும் படம். நெட் சென்டரில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவதில் நாற்பது விநாடி. மூன்றாவதில் ஒன்பது.

ஆனால் இரண்டாவதில் ஒரு வசதி இருந்தது. படத்தை மாற்றினால் பொத்தானை அமுக்கிக் குடோனில் உள்ள பழைய நகலை அழித்துவிடலாம். மூன்றாவதில் அது இல்லை. இத்தனை நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் அத்தனை நாளும் அது அங்கேயே இருக்கும். யாரும் தொட முடியாது. நாள் கூடக் கூட வேகம். இசைவாணி இரண்டு நாள் யோசித்தாள். மாரிக்கண்ணனிடமும் கேட்டாள்.

“பொங்கலுக்கு எடுத்த படம் அதுக்குப் பெறகு மாறவா போகுது? ஒம்போது செகண்டுல வாரதப் போடுங்க மதினி. நாப்பது செகண்டு நான் அவ தலையில இருக்க முளைப்பாரியவே பாத்துக்கிட்டு இருக்கேன். மூஞ்சி கடைசியிலதான் வருது.”

அவன் சொன்னது சரிதான். படம் மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். மூன்றாவதையே எடுத்தாள். நகலை ஏழு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதினாள்.

மறுநாளே அவன் கூப்பிட்டான். டக்கென்று வந்துவிட்டதாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாளாம்.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இசைவாணி கேமராவில் தேடினாள். அடுத்த படத்தில் வேல்விழி கண் திறந்திருந்தாள். பழைய படத்தின் பெயரையே வைத்து, அதன் மேலேயே ஏற்றினாள். அமெரிக்காவில் இருந்த படத்தில் திறந்த கண். தோஹாவில், மூன்று நாள் கழித்தும் மூடிய கண்.

“இன்னும் முழிக்கல மதினி.”

அன்று வேல்விழி கடைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க தூங்குற நேரம் பாத்து வந்து பாத்தா, நானும் தூங்கத்தான செய்வேன்.”

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இசைவாணி வெளியே போய்க் கடை வாசலில் நின்றாள்.

அவளுக்குப் பிறகுதான் விஷயம் பிடிபட்டது. குடோனில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சரக்கு இருக்கிறது. அது தீருகிற வரைக்கும் புது லோடு எடுக்க மாட்டான். படத்துக்கு வேறு பெயர் கொடுத்து ஏற்றினாள். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லாததால் குடோன் அமெரிக்காவிடம் கேட்டு வாங்கியது. புதுப் படம் போனது. வேல்விழி கண்ணைத் திறந்தாள்.

‘படம் மாறினால் பெயரும் மாற வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். வேலை செய்யும்போது பழைய நகல் குறுக்கே வருவது தொந்தரவாக இருந்தது. தன் கணினி மட்டும் குடோனுக்குப் போகாமல் நேராக அமெரிக்காவுக்கே போகும்படி எழுதிவைத்தாள். அதற்குப் பிறகு அவள் திரையில் எப்போதும் புதுசுதான் தெரிந்தது.

அது சித்திரையில். வெடித்தது ஆவணியில். தாள் அப்போதும் மானிட்டரில் இருந்தது. பார்த்துப் பார்த்து அது எழுத்தாகவே தெரியாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் வளைகுடாவில் விடுமுறை. முதல் பட்டியல் ஏறிய கால் மணி நேரத்தில் எல்லோரும் தளத்தில் இருந்தார்கள். வீட்டு போன்களை எடுக்க ஊரில் ஆள் இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன செல்போன்கள் பூட்டிய வீடுகளுக்குள் அடித்துக்கொண்டே கிடந்து, சார்ஜ் தீர்ந்து அடங்கின.

இசைவாணியின் செல்லும் ஓயவில்லை. நாலைந்து எடுத்தாள். ஐந்தாவது அழைப்பில் துபாயிலிருந்து ஒருவன் தன் அம்மாவின் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறாள் என்று கேட்டான். கீழே இருந்த மூன்றில் ஒன்று அந்தப் பெயர். லிஸ்டைப் பார் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு தங்கச்சாமியின் நம்பரைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். லிஸ்டு இருக்கும்போது சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சாவை போனில் சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. ரொம்ப முடியவில்லை, கிளம்பி வா என்பார்கள். கேட்கிறவன் புரிந்துகொள்வான். வருகிற வழி பூராவும் புரிந்துகொள்ளாத மாதிரி வருவான். இப்போது அதையும் சொல்ல வேண்டாம் என்றாகிவிட்டது.

பன்னிரண்டே காலுக்கு இரண்டாவது முறை ஏற்றினாள். கீழே ஒரு பெயர் கூடியிருந்தது. ஒரு மணிக்கு மூன்றாவது முறை. பக்கத்தின் தலையில் நேரத்தை மாற்றினாள். பக்கத்தில் அது ஒன்றுதான் எழுத்து. இங்கிலீஷ் எண்கள் எல்லா ஊரிலும் தெரியும் என்பதால் அதைப் படமாக்கியதில்லை. படம் இல்லாததால் அது குடோனுக்கும் போனதில்லை. அதன் கீழே பட்டியல். அதுவும் படம்தான்; ‘லிஸ்ட்’ என்று பெயர். ஒவ்வொரு முறையும் பழைய லிஸ்டின் மேலேயே புதியதை ஏற்றினாள்.

ஒன்றரைக்குத் தங்கச்சாமி கூப்பிட்டு, மாரிக்கண்ணன் பேசினான் என்றார். வேல்விழி வார்டில் இருக்கிறாள், லிஸ்டில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அப்போது அது உண்மை.

மூன்று பத்துக்கு அவர் மறுபடி கூப்பிட்டார். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. யாரோ ஸ்ட்ரெச்சருக்கு வழி கேட்டார்கள்.

“என்னண்ணே?”

“ஏழாம் நம்பரக் கீள எறக்கிரு தாயி.”

இசைவாணி பட்டியலைத் திறந்தாள். தங்கச்சாமி இன்னும் இணைப்பில் இருந்தார். மூச்சு கேட்டது.

“கத்தார் நம்பரு, தொள்ளாயிரத்து எழுவத்து நாலுல இருந்து மூணு தடவ அடிச்சிருச்சு. மாரிக்கண்ணன்தான். நான் எடுக்கல. எப்பிடிச் சொல்லச் சொல்லுற? லிஸ்டுல பாத்துக்கிருவான்ல?”

“பாத்துக்கிருவாரு,” என்றாள்.

ஏழாவது வரியைத் தேர்ந்தெடுத்து வெட்டினாள். கீழே கொண்டுபோய் ஒட்டினாள். ‘பெண்கள் வார்டு’ என்பதை அழித்தாள். க/பெ மாரிக்கண்ணன் என்பது அப்படியே இருந்தது. மேலே எட்டாவது ஏழாவதாக ஏறிக்கொண்டது. வரிகளுக்கு இடையில் இடைவெளி சரியாக இல்லை. அதைச் சரிசெய்தாள். கை அது பாட்டுக்குச் செய்தது. மூன்று நாற்பதுக்கு ஏற்றினாள். தன் திரையில் திறந்து பார்த்தாள். இறந்தவர்களில் ஆறாவதாக இருந்தது.

மேசை டயரியில் மாரிக்கண்ணனின் நம்பர் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இந்நேரம் பார்த்திருப்பான் என்று தோன்றியது. பார்த்தவனிடம் போய் என்ன பேச. கூட்டாளிகள் இருப்பார்கள். அழட்டும். டயரியை மூடினாள்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கடைசியாக ஒரு முறை பட்டியலை ஏற்றிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கிளம்புமுன் கடை போனிலிருந்து தோஹாவுக்கு ஒரே ஒரு தடவை அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. எடுக்காதது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாயிரம்பண்ணையில் மூன்று தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். வேல்விழியைப் பத்தரைக்குக் கொண்டுவந்தார்கள். முழுக்கச் சுற்றிக் கட்டியிருந்தது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்று தங்கச்சாமி முன்னாலேயே வந்து சொல்லிவிட்டார். அவர் நேற்றுப் போட்ட சட்டையிலேயே இருந்தார்.

வேல்விழியின் அம்மா, சித்தி இருளம்மாள், அழவில்லை. கட்டின துணியின் ஒரு மூலை அவிழ்ந்திருந்தது. அதை இழுத்துச் சொருகினாள். மறுபடி அவிழ்ந்தது. மறுபடி சொருகினாள்.

மாரிக்கண்ணன் வீட்டார் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய அண்ணன் இசைவாணியைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டார். நேற்று மூன்று நாற்பதுக்கே போட்டாகிவிட்டது என்றாள். அப்படியென்றால் கிளம்பியிருப்பான் என்றார். கிளம்பியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானே என்றது ஒரு குரல். லீவு கொடுத்திருக்க மாட்டான் அரபி என்றது இன்னொன்று. பன்னிரண்டு வரை பார்ப்போம் என்றார்கள். பன்னிரண்டுக்கு, ஒன்று வரை என்றார்கள். வெயில் ஏறியது. வைத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஊதுபத்திக் கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொளுத்தினார்கள்.

ஒருவரும் அவனுக்கு அடித்துப் பார்க்கவில்லை. தெரிந்தவனிடம் எதற்கு. அவன்தான் அடிக்க வேண்டும்.

இருளம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அவ இருக்கையில ஒரு நாளைக்கு மூணு தடவ பேசுவான். குளிச்சியா, தின்னியான்னு. இப்ப ஒரு போனுக்குக் கையி வரலியா அவனுக்கு?”

“அவருக்குத் தெரியும் சித்தி. பாத்திருப்பாரு.”

“பாத்துட்டா இப்பிடி இருக்கான்?”

 பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகத்தாய் என்கிற பக்கத்து வீட்டுக்காரி, ஆம்பிளைக்கு அடுத்த பொண்ணு பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று முணுமுணுத்தாள். அந்தப் பேச்சு பந்தலில் கொஞ்ச நேரம் நின்றது. அவன் அண்ணன் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். அண்ணன்தான் கொள்ளி வைத்தார்.

நாலு மணிக்கு மேல் வீட்டில் ஆள் குறைந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். இருளம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூங்கவில்லை. இசைவாணி உள் அறையில் போய் உட்கார்ந்தாள்.

மேல் பலகையில் வேல்விழியின் செல்போன் இருந்தது. பக்கத்தில் சார்ஜர், வயரை நாலாக மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. காலையில் வேனுக்குப் போகிற அவசரத்திலும் அதை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன் செத்துக் கிடந்தது. நேற்றிலிருந்து யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. இசைவாணி ரப்பர் பேண்டைக் கழற்றி வயரைச் சொருகினாள். ஏன் சொருகினாள் என்று அவளுக்குத் தெரியாது. எதையாவது கையில் எடுக்க வேண்டியிருந்தது.

திரையில் வெளிச்சம் வந்தது. கம்பெனிப் பெயர் வந்து போனது. பிறகு சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின.

ஐந்து நிமிடம் இருக்கும். போன் பலகையில் அதிர்ந்து நகர்ந்தது. ‘மச்சான்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தெரிந்தது.

எடுத்தாள். காதில் வைத்தாள். 

“வேலு?” என்றான்.

“நான்தான் தம்பி. இசைவாணி.”

“மதினியா? அப்பாடி. நேத்துல இருந்து இந்த நம்பருக்கு அடிக்கேன், சுச்சாப்பு சுச்சாப்புங்குறான். நீங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிட்டீகளா? நல்ல வேலை செஞ்சீக.” அவன் குரலில் மூச்சு வாங்கியது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. “ஒங்களுக்கும் அடிச்சுப் பாத்தேன். எடுக்கல. லிஸ்டு போடுற வேலைன்னு தெரியும். தங்கச்சாமியண்ணனும் எடுக்க மாட்டேங்குறாரு. எல்லாரும் அங்கன அல்லாடிக்கிட்டு இருப்பீகன்னு விட்டுட்டேன்.”

“தம்பி.”

“நாளைக்கு ராத்திரி டிக்கெட் குடுத்துட்டான் மதினி. சாவுன்னாத்தான் ஒடனே விடுவானாம். அடிபட்டதுக்கு ரெண்டு நாளு ஆகுமாம். காலுல விழாத கொறை. திங்கக்கிழம மத்தியானம் வந்துருவேன்.”

இசைவாணி குறுக்கே கேட்டாள்.

“நீங்க லிஸ்டு பாத்தீகளா?”

“பாக்காமயா? நேத்துல இருந்து அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பக்கூட சோத்து நேரத்துல ஓடிப் போயிப் பாத்துட்டுத்தான் அடிக்கேன். இன்னைக்குக் காலையில எட்டேகாலுக்குப் போட்டதுன்னு மேல இருக்கு. ஏழாவது. அப்பிடியேதான் இருக்கா. பெண்கள் வார்டு. ஒவ்வொரு தடவையும் மேல டயம் மாறும் மதினி. கீள எறக்கிப் பாக்கவே பயமா இருக்கும். பாத்தா ஏழாவதுலயே இருப்பா. கூட இருக்க பயலுக சொல்லுறாய்ங்க, நேத்துல இருந்து தாங்கிட்டான்னா பொழச்சிருவான்னு.”

மானிட்டரில் ஒட்டிய தாள் அவளுக்குத் தெரிந்தது. விருதுநகரில், பூட்டிய கடைக்குள், இங்கிருந்தே எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஒன்பது செகண்டு. ஏழு நாள். பதினொன்று இருபதுக்குக் குடோனில் இறக்கிய சரக்கு, இன்னும் அதே பெயரில்.

வெளியே இருளம்மாள் யார் என்று கேட்டாள். இசைவாணி திரும்பிப் பார்த்தாள். சித்தி சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய போன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“மதினி? கேக்குதா?”

“கேக்குது.”

“அங்கன சத்தமே இல்லையே. வார்டுக்குள்ள விட்டுட்டாகளா ஒங்கள?” இயந்திரத்திடமிருந்து தள்ளிப் போனான் போலிருக்கிறது. அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “அவளப் பேசச் சொல்லல மதினி. கை வெந்திருக்கும், போனப் பிடிக்க முடியாதுன்னு தெரியும். நீங்களே அவ காதுல வைங்க. நான் மட்டும் பேசிக்கிறேன். வச்சிட்டீகளா?”